துல்லியம் என்ற சொல்லும், நான் பதில் சொல்லாமல் விட்ட ஒரு கேள்வியும்

 கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் வழக்கம்போல ஆரம்பித்துவிட்டாங்க என்று தள்ளிவிட்டுப் போகாமல், ராத்திரிச் சாப்பாடு முடிந்து ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

2025 மே 7-ம் தேதி எல்லோருக்கும் நினைவிருக்கும். பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றதற்குப் பதிலடியாக நம் படைகள் எல்லைக்கு அப்பால் 9 இடங்களைத் தாக்கிய நாள். அன்றைக்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தம்பி மகன் ஒரு வீடியோ போட்டான். கறுப்பு வெள்ளைப் படம். நடுவில் ஒரு கூட்டல் குறி. அதற்கு நேர் கீழே ஒரு கட்டடம். இரண்டு மூன்று விநாடி எதுவும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு வெள்ளை வெளிச்சம், புகை. சத்தமே இல்லை. 'துல்லியத் தாக்குதல்னா இதுதான்!' என்று எழுதி வரிசையாகக் கைதட்டல் படம் போட்டிருந்தான். நிமிடத்துக்குள் இன்னும் பத்துப் பேர் கைதட்டினார்கள்.

நான் ஒரே ஒரு வரி எழுதினேன். 'உள்ளே யார் இருந்தார்கள்?'

அவ்வளவுதான். 'அத்தை, நீங்க எந்தப் பக்கம்?' என்று கேட்டுவிட்டான். சின்ன வயதில் என் மடியில் வளர்ந்த பிள்ளை. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இரண்டு நாள் கழித்து, அது நம் விமானப்படை எடுத்த படமே இல்லை, ஏதோ கம்ப்யூட்டர் விளையாட்டில் வெட்டியெடுத்தது என்று தெரிந்தது. வீடியோவை அழித்துவிட்டான். என்னிடம் கேட்ட கேள்வியை அழிக்கவில்லை. அதற்குத்தான் இந்தப் பதில். அவனுக்கு மட்டுமில்லை. இன்னொரு ஆளுக்கும் நான் 34 வருடமாக ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பாடம். இந்தக் குண்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் நல்லது கெட்டது பேசக் கூடாது.

விமானத்திலிருந்து போடும் சாதாரணக் குண்டுக்குக் கண் கிடையாது. விமானத்தின் வேகம், உயரம், காற்று எல்லாம் சேர்ந்து அதை எங்கே தள்ளுகிறதோ அங்கே விழும். இரண்டாம் உலகப் போரில் 1941-ல் பிரிட்டன் தன் விமானப்படையின் வேலையைப் பரிசோதித்துப் பார்த்தது. இலக்கைத் தாக்கிவிட்டோம் என்று சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்குக்கு 5 மைல் தொலைவுக்குள்ளாவது போயிருந்தது. சாத்தூரை அடித்துவிட்டேன் என்று சொல்பவன் பக்கத்து ஊர்களையெல்லாம் அடித்துவிட்டு வந்த கதை. குறி வைக்க முடியாது என்று ஆனதும் ஊரையே இலக்காக வைத்தார்கள். 1945 மார்ச்சில் டோக்கியோவில் ஒரே இரவில் ஒரு லட்சம் பேர் வரை எரிந்து செத்தார்கள்.

வியட்நாமில் தான் ஹோவா என்ற ஊரில் ஒரு பாலம் இருந்தது. 1965 ஏப்ரலில் தொடங்கி அமெரிக்க விமானங்கள் நூற்றுக்கணக்கான முறை அதைத் தாக்கின. எத்தனையோ விமானங்களை இழந்தார்கள். பாலம் விழவில்லை. 1972 மே 13-ம் தேதி லேசர் குண்டுகளோடு வந்த சில விமானங்கள் அதை ஒரே நாளில் சாய்த்துவிட்டன. உலகத்து ராணுவங்கள் எல்லாம் இந்தக் குண்டைத் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

லேசர் குண்டு என்பது பெரும்பாலும் பழைய குண்டேதான். முன்னால் ஒரு கண், அசையும் சில துடுப்புகள், அவ்வளவுதான் கூடுதல். விமானத்திலோ தரையிலோ இருக்கும் ஒருவர் இலக்கின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சுவார். நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. அது பட்டுத் திரும்புவதைக் குண்டின் மூக்கில் உள்ள கருவி பார்க்கும். அந்தக் கருவி நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் ஒளி கூடுதலாகவும் எதிர்ப் பகுதியில் குறைவாகவும் விழுந்தால், குண்டு விலகிப் போகிறது என்று அர்த்தம். உடனே துடுப்பு அசைந்து பாதையைத் திருத்தும். மேகமோ புகையோ தூசியோ குறுக்கே வந்தால் கண் மறைந்துவிடும்.

அதற்கு மாற்றாக வந்ததுதான் ஜி.பி.எஸ். குண்டு. 1999-ல் யூகோஸ்லாவியா போரில் அமெரிக்கா முதலில் பயன்படுத்தியது. இதற்கு ஒளி வேண்டாம். ஆறாம் வகுப்பில் உங்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை சொல்லிக் கொடுத்தேனே, அந்த எண்களைக் கொடுத்தால் போதும். மழையிலும் இருட்டிலும் அந்த எண்ணைத் தேடிப் போய்ச் சில மீட்டர் வித்தியாசத்தில் விழும். எண் சரியா தவறா என்று அது கேட்காது.

இப்போது என் பாக்கிக்கு வருகிறேன்.

1991 ஜனவரி 17-ம் தேதி வளைகுடாப் போர் தொடங்கியது. அப்போது எனக்கு 30 வயது. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் செய்தித்தாள், ராத்திரி பி.பி.சி. தமிழோசை என்று ஒன்று விடாமல் கேட்பேன். பாக்தாத்தில் குறிப்பிட்ட கட்டடத்தின் குறிப்பிட்ட மூலைக்குள் குண்டு நுழைகிறது என்று படித்ததும் எனக்கு ஒரே பிரமிப்பு. ஒளி பாடம் நடத்தும்போது கரும்பலகையில் விமானம், கட்டடம், நடுவில் புள்ளிக்கோடாக லேசர் என்று படம் போட்டு, 'அறிவியலைப் பாருங்கள், இனிமேல் போரில் அப்பாவிகள் சாக வேண்டியதில்லை' என்று சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். அந்த வகுப்பில் இருந்தவர்களில் சிலர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள். அந்தப் போரில் போட்ட குண்டுகளில் இப்படிக் குறிபார்த்துப் போனது பத்தில் ஒரு பங்குகூட இல்லை, மற்றதெல்லாம் பழைய கண்ணில்லாத குண்டுதான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பிப்ரவரி 13-ம் தேதி விடியும் முன்பு பாக்தாத்தில் அமிரியா என்ற பகுதியில் ஒரு கட்டடத்தின் மேல் இரண்டு லேசர் குண்டுகள் விழுந்தன. ஒவ்வொன்றும் 2,000 பவுண்டு, ஏறக்குறைய 900 கிலோ. முதல் குண்டு கனமான கான்கிரீட் கூரையில் துளை போட்டது. இரண்டாவது அந்தத் துளை வழியாகவே உள்ளே போய் வெடித்தது. இதைவிடத் துல்லியமாக ஒரு வேலையைச் செய்ய முடியாது. உள்ளே இருந்தவர்கள் குண்டுக்குப் பயந்து தூங்க வந்த மக்கள். ஈரானோடு போர் நடந்த காலத்தில் மக்களுக்காகக் கட்டிய பதுங்கிடம் அது. 400-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அது ராணுவக் கட்டளை மையம் என்று நினைத்துத்தான் தாக்கினோம் என்று அமெரிக்கா சொன்னது.

செய்தி நம் ஊர்ப் பேப்பரில் வந்த மறுநாள், வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்றாள். பெயர் சொல்ல மாட்டேன். படித்தால் அவளுக்கே தெரியும். 'டீச்சர், அந்தக் குண்டுக்குக் கண்ணு இருக்குன்னு சொன்னீங்களே, உள்ள யாரு இருக்காங்கன்னு அதுக்குத் தெரியாதா?'

நம் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூரில் இருக்கும் சொந்தங்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் பட்டாசு ஆபீஸ் இல்லாத திசை கிடையாது. 'டமார்' என்று எங்கேயாவது கேட்டால் தெருவே வெளியே வந்துவிடும். 'எந்த ஆபீஸு? உள்ள எத்தன பேரு?' இந்த இரண்டு கேள்விதான் முதலில் வரும். மருந்து எப்படிப் பற்றியது, யார் மேல் தப்பு என்பதெல்லாம் அப்புறம்தான். அந்தப் பெண்ணின் சித்தி அப்படி ஒரு வெடிவிபத்தில் போனவள். அது எனக்கும் தெரியும். தெரிந்தும், 'பாடத்துக்கு வெளியே கேட்காதே, உட்கார்' என்று சொன்னேன். பதில் தெரியாத ஆசிரியர்கள் கடைசியில் எடுக்கும் ஆயுதம் அதுதான். அவளும் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க அவள் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அவள் கேட்டதற்கு என் பதில் இதுதான். தெரியாதம்மா. எங்கே என்பது மட்டும்தான் குண்டுக்குத் தெரியும். யார் என்பதை மனிதன்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணக்குப் பரீட்சையில் சில பிள்ளைகள் கேள்வித்தாளில் 37 என்று இருப்பதைத் தாளில் 73 என்று எழுதிக்கொள்வார்கள். அப்புறம் ஒவ்வொரு படியையும் அழகாக, ஒரு பிழை இல்லாமல் செய்திருப்பார்கள். செய்முறை சரி, விடை தப்பு. நான் பாதி மதிப்பெண் போட்டுவிடுவேன். குண்டு விஷயத்தில் பாதி மதிப்பெண் கிடையாது.

1999 மே 7-ம் தேதி இரவு பெல்கிரேடில் நடந்தது அந்த 37, 73 கதைதான். அமெரிக்க விமானம் ஒன்று ஐந்து ஜி.பி.எஸ். குண்டுகளைப் போட்டது. அவை கொடுத்த எண்ணுக்கே போய் விழுந்தன. அந்த இடத்தில் இருந்தது சீனத் தூதரகம். சீனப் பத்திரிகையாளர்கள் மூன்று பேர் செத்தார்கள். உண்மையில் அடிக்க நினைத்தது யூகோஸ்லாவிய அரசின் ஆயுதக் கொள்முதல் அலுவலகம் ஒன்றை. அது அதே வட்டாரத்தில் சில நூறு மீட்டர் தள்ளி இருந்தது. தூதரகம் சில வருடங்களுக்கு முன்பே புது இடத்துக்கு மாறியிருந்தது. அவர்கள் வைத்திருந்த வரைபடத்தில் அது மாறவில்லை. இலக்கைக் குறித்துக் கொடுத்தது சி.ஐ.ஏ. உலகத்தையே வேவு பார்க்கும் அமைப்புக்கு ஒரு கட்டடத்தின் முகவரி தெரியவில்லை. அமெரிக்கா தெரியாமல் நடந்த தவறு என்றது. சீனா அதை நம்பவே இல்லை.

2001 டிசம்பர் 5-ம் தேதி ஆப்கானிஸ்தானில், காந்தஹாருக்கு வடக்கே. தரையில் இருந்த அமெரிக்க வீரர் எதிரி இருக்கும் இடத்தின் எண்களைக் கையடக்கக் கருவியில் எடுத்து வைத்திருந்தார். நடுவில் பேட்டரி மாற்ற வேண்டி வந்தது. புது பேட்டரி போட்டதும் கருவி, அது தானே இருக்கும் இடத்தின் எண்களைக் காட்டியது. அதைக் கவனிக்காமல் அப்படியே மேலே விமானத்துக்குச் சொல்லிவிட்டார்கள். 2,000 பவுண்டுக் குண்டு சொன்ன சொல் தவறாமல் அவர்கள் தலையிலேயே வந்து விழுந்தது. அமெரிக்க வீரர்கள் மூன்று பேரும் அவர்களோடு நின்ற ஆப்கானியர்கள் பலரும் செத்தார்கள். பிறகு அந்த நாட்டுக்கு அதிபரான ஹமீத் கர்சாய் அங்கே இருந்தார். அவருக்கும் லேசான காயம்.

நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு இது புதுக் கதை இல்லை. தசரதன் கதை. கண்ணால் பார்க்காமல், சத்தத்தை மட்டும் கேட்டு அம்பு விடும் வித்தை தெரிந்தவன் அவன். இருட்டில் ஆற்றங்கரையில் 'களக் களக்' என்று சத்தம் கேட்டது. யானை தண்ணீர் குடிக்கிறது என்று நினைத்தான். விட்ட அம்பு சத்தம் வந்த இடத்தில் போய்க் குத்தியது. அங்கே கண் தெரியாத தாய் தகப்பனுக்குக் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த பிள்ளை. தசரதனின் அம்பு குறி தவறியதாக எந்தப் பாட்டியும் சொன்னதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. துல்லியம் என்பது குண்டு விழும் இடத்துக்குத்தான். வெடிப்புக்கு இல்லை. 900 கிலோ குண்டு ஒன்றில் ஏறக்குறைய பாதி எடை வெடிமருந்து. மீதி இரும்பு. வெடித்தால் அந்த இரும்புத் துண்டுகள் நூற்றுக்கணக்கான மீட்டர் பறக்கும். குறி வைத்தது மூன்றாவது வீட்டை என்றாலும் இரண்டாவது வீட்டுக்கும் நான்காவது வீட்டுக்கும் அது தெரியாது. பட்டாசு ஆபீஸில் அறைகளைத் தள்ளித் தள்ளித்தான் கட்ட வேண்டும், ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்றெல்லாம் விதி ஏன் வைத்திருக்கிறார்கள்? வெடி, சுவர் பார்த்து நிற்காது என்பதால்தானே. இதை ஒரு பொறியாளனை விட நம் ஊரில் திரி பின்னும் அக்கா நன்றாகச் சொல்வாள்.

இப்போது என் தம்பி மகன் கேட்பான். 'அப்படின்னா பழைய கண்ணில்லாத குண்டே பரவாயில்லையா அத்தை?' நிச்சயமாக இல்லை. டோக்கியோவில் நடந்ததை மேலே எழுதினேன். ஊரையே கொளுத்துவதைவிட ஒரு கட்டடத்தை மட்டும் அடிப்பது எவ்வளவோ மேல். அதை மறுப்பவள் நான் இல்லை.

கார்கில் போரில் நானும் கைதட்டியவள்தான். டைகர் ஹில் உச்சியில் எதிரி உட்கார்ந்துகொண்டு கீழே உள்ள சாலையைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தான். அந்த உயரத்தில் காற்று மெலிந்துபோய், சாதாரணக் குண்டு கணக்குத் தப்பி விழும். எல்லைக் கோட்டையும் தாண்டக் கூடாது என்று விமானப்படைக்கு உத்தரவு. 1999 ஜூன் 24-ம் தேதி நம் மிராஜ் விமானங்கள் லேசர் குண்டு போட்டு அந்த உச்சியில் இருந்த எதிரி முகாமை அடித்தன. ஜூலை 4-ம் தேதி நம் வீரர்கள் ஏறிப் போய் மலையைப் பிடித்தார்கள். ஏறிப் போய்ச் செத்திருக்க வேண்டிய எத்தனை பிள்ளைகளை அந்தக் குண்டுகள் காப்பாற்றினவோ! என்னிடம் படித்தவர்களிலும் ராணுவத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செய்தியைக் கேட்டு அவர்களுக்காக நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த உச்சியில் வீடு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, பதுங்கிடம் இல்லை. உள்ளே யார் என்ற கேள்விக்கு அங்கே பதில் தெரிந்திருந்தது.

எல்லா இலக்கும் டைகர் ஹில் மாதிரி இருப்பதில்லை. என் பயம் இதுதான். குறி தவறாது என்ற நம்பிக்கை வந்ததும், முன்பு தொடத் தயங்கிய இடத்தையெல்லாம் தொடலாம் என்று தோன்றிவிடுகிறது. நெரிசலான ஊர், பக்கத்தில் குடியிருப்பு, அதனால் என்ன, நம்மிடம் துல்லியக் குண்டு இருக்கிறதே! கத்தி கூர்மையாக இருக்கிறது என்பதற்காக யாரும் தேவையில்லாமல் ஆபரேஷன் செய்துகொள்வதில்லை. நோய் என்ன, எங்கே என்று நாலு டெஸ்ட் எடுத்துப் பார்க்கிறோம். துல்லியம் என்ற சொல் கேட்கிறவர்களின் வாயை அடைத்துவிடுகிறது. செய்தி வாசிப்பவர் அந்தச் சொல்லைச் சொன்ன உடனேயே, இறந்தவர்கள் எல்லாம் சாக வேண்டியவர்கள்தான் என்று நம் மனம் தானாக முடிவு கட்டிவிடுகிறது. மற்ற நாட்டு அரசு சொன்னாலும் அப்படித்தான், நம் அரசு சொன்னாலும் அப்படித்தான்.

அதனால் என் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கிறேன். எந்தப் போராக இருந்தாலும், யார் போட்ட குண்டாக இருந்தாலும், துல்லியத் தாக்குதல் என்று படித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். அந்த இடத்தில் எதிரி இருக்கிறான் என்று யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது? உள்ளேயும் பக்கத்திலும் வேறு யார் இருந்தார்கள்? தவறு நடந்திருந்தால் யார் போய் ஒப்புக்கொள்வார்கள்?

மூன்றாவது கேள்விக்காகத்தான் தசரதனை நினைத்துக்கொள்கிறேன். செய்தது பெரிய பிழை. ஆனால் அவன் ஓடி ஒளியவில்லை. அந்தக் குடத்தைத் தானே எடுத்துக்கொண்டு போய், கண் தெரியாத அந்த இரண்டு பேர் முன்னால் நின்று, உங்கள் பிள்ளையைக் கொன்றவன் நான்தான் என்று சொன்னான். சாபத்தையும் வாங்கிக்கொண்டான். சீனத் தூதரகத்துக்காக அமெரிக்க அதிபர் வருத்தம் தெரிவித்தார், பணமும் கொடுத்தார்கள். சீனா பெரிய நாடு. அமிரியாவுக்குக் குடம் தூக்கிக்கொண்டு யாரும் போகவில்லை.

தம்பி மகனே, எந்தப் பக்கம் என்று கேட்டாய். நம் நாட்டின் பக்கம்தான்டா. நம் வீரர்களின் பக்கம்தான். நம் பிள்ளைகள் சரியான தகவல் இல்லாமல் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, ஆயுள் முழுக்க அந்தப் பாரத்தைச் சுமக்கக் கூடாது என்று நினைப்பதும் அவர்கள் பக்கம் நிற்பதுதான். பொங்கலுக்கு வா, உட்கார்ந்து பேசலாம். கோபம் எதுவும் இல்லை.

1991-ல் எட்டாம் வகுப்பில் எழுந்து நின்ற என் மகளே, நீ கேட்டது பாடத்துக்கு வெளியே இல்லை. அதுதான் பாடம். உன்னை உட்காரச் சொன்னதற்கு டீச்சரை மன்னித்துக்கொள். இப்போது எந்த ஊரில் இருக்கிறாயோ தெரியாது. உன் பிள்ளைகள் கேள்வி கேட்டால் உட்காரச் சொல்லாதே.

கருத்து வேறுபாடு இருப்பவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள். மரியாதையாக எழுதுங்கள், பிழையில்லாமல் எழுதுங்கள். ல, ள, ழ இன்னமும் பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்